துணிப்பாவை வளர்ந்த கதை



பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து, பொம்மசந்திரத்தை எட்டுவதற்கு முன்பு இருப்பது ஹெப்பகோடி என்னும் ஊர். ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றி முன்பு கேழ்வரகுக் கொல்லைகள் இருந்தன. 1978ஆம் ஆண்டில் எலெக்ட்ரானிக் சிட்டி உருவான பின்பு, கொல்லைகள் இருந்த இடங்களில் ஆலைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தது. சேலம், தருமபுரி, வேலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர் இப்பகுதியில் வாழ்கின்றனர். நாமும் அவர்களுள் ஒருவராவோம்.

இந்நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் ஆடை தைக்கும் ஆலைகள் பல உள. அங்கே துணியை நூறு மடிப்பாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவர். சட்டையின் கையும் கழுத்தும் உடலும் போக, இடையிடையே உள்ளங்கை அகலத்தில் துண்டுகள் எஞ்சும். அவற்றை எடைக்கு வாங்கிச் செல்வதற்கென்றே வணிகர் உண்டு. எந்திரம் துடைக்கவும் மெத்தை அடைக்கவும் அத்துண்டுகள் பயன்படும். சென்ற ஆண்டு நவராத்திரிக்கு முன்பு, அத்தகைய துண்டுகள் ஒரு பை நிறைய நம் வீட்டிற்கு வந்தன. வீட்டிலிருந்த சிறுமி அவற்றைக் கண்டதும், "பாட்டி செய்வாங்களே, அந்தப் பொம்மை இதுல செய்யலாமா?" என்று கேட்டாள்.

எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை கூற நமக்கு இயலவில்லை. ஊரில் பாட்டி செய்த பொம்மையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கையில் வைத்து விளையாடியும் இருக்கிறோம். ஆனால் அதை எப்படிச் செய்தார் என்பது நம்மில் ஒருவருக்கும் முழுமையாக நினைவில்லை. பாட்டியும் இன்று இல்லை, பொம்மையும் இல்லை. அக்குறையே துணிப்பொம்மையின் வரலாற்றைத் தேடும்படி நம்மைத் தூண்டிற்று. தேடிக் கண்டவற்றுள் சிலவற்றை இங்கே கூற முற்படுகின்றோம்.

பாவையும் பழந்தமிழரும்

பாவை என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. சங்க இலக்கியத்தில் சிறுமியர் கடற்கரை மணலில் வண்டற்பாவை அமைத்து விளையாடினர். கோரை இனத்தைச் சேர்ந்த பைஞ்சாய்ப் புல்லைக் கொண்டும் பாவை செய்தனர். அது பைஞ்சாய்ப்பாவை எனப்பட்டது. திருக்குறள் மண்ணால் புனைந்த பாவையை ஓரிடத்திலும், மரப்பாவையை ஈரிடங்களிலும் உவமையாக எடுத்துரைக்கிறது. கடற்கரைச் சிறுமிக்கு மணல் கிடைத்தது. நீர்த்துறைச் சிறுமிக்குக் கோரை கிடைத்தது. தச்சன் கைக்கு மரம் கிடைத்தது. கிடைத்த பொருள் எதுவோ அதுவே பாவையாயிற்று.

துணியின் நிலை வேறு. மண்பாவையைச் சுட்டால் அது ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடக்கும். துணியோ, மழையும் கறையானும் நிறைந்த நம் நாட்டில் ஒரு தலைமுறையைக் கடப்பதே அரிது. ஆகவே துணிப்பாவையின் தொல்வரலாற்றை அறிய, மழை மிக அரிதாகப் பெய்யும் ஒரு நாட்டிற்குச் செல்ல வேண்டும்.

எகிப்து நாட்டில், பழங்காலத்தில் ஆக்சிரிங்கஸ் எனப் பெயர் பெற்றிருந்த நகரின் அருகே, வறண்ட மண்ணிலிருந்து ஒரு துணிப்பொம்மை எடுக்கப்பட்டது. இன்று அஃது இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் காட்சிசாலையில் உள்ளது. உரோமர் எகிப்தை ஆண்ட காலத்தது, கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. உடல் முரட்டு ஆளிநார்த் துணியால் ஆகியது. உள்ளே கந்தலும், எழுதப் பயன்படும் பாப்பிரஸ் என்னும் நாணல் தாளின் துண்டுகளும் அடைக்கப்பட்டுள்ளன. வீட்டில் எறியவிருந்த கந்தலையும் கிழிந்த தாளையும் எடுத்து, ஒரு குழந்தையின் கைக்கு ஏற்ற உருவமாக்கியவர் யாரோ நாம் அறியோம். ஆயினும் அவர் செய்த வேலையை நம் பாட்டிமார் பார்த்திருந்தால், தமக்கும் தெரிந்த வேலையே என்று கூறியிருப்பர்.

கட்டு, வெட்டு, வடிவம்

துணிப்பொம்மையைச் செய்யும் முறைகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, கட்டிச் செய்யும் முறை. இதற்கு ஊசியும் வேண்டா. நைந்த வேட்டியின் துண்டொன்றை விரித்து, நடுவில் ஒரு பிடி கந்தலை வைத்துச் சுருட்டி, கீழே நூலால் இறுகக் கட்டினால் தலை ஆயிற்று. மற்றொரு துண்டை மெல்லச் சுருட்டிக் குறுக்கே வைத்துக் கட்டினால் கை ஆயிற்று. தொங்கும் துணியே பாவாடை. கண்ணுக்கு மை, நெற்றிக்குக் குங்குமம், கூந்தலுக்குக் கறுப்பு நூல். பலமுறை துவைத்துத் துவைத்து மென்மையடைந்த பழைய பருத்தித் துணியே இதற்கு உகந்தது. புதுத்துணியில் கஞ்சியின் விறைப்பு இருப்பதால் கட்டு நில்லாது. நாம் சிறுவயதில் கண்ட பொம்மை இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, வெட்டித் தைக்கும் முறை. உருவத்தின் எல்லைக்கோட்டைத் தாளில் வரைந்து, அதன்படி இரண்டு துணிகளை வெட்டி, ஓரங்களைத் தைத்து, உட்புறத்தை வெளியே புரட்டிப் பஞ்சு அடைப்பர். அத்தாளைத் தையற்காரர் 'பேட்டர்ன்' என்பர். நாம் வெட்டுத்தாள் என்போம். இம்முறையில் கைகால்கள் தெளிவாக அமையும். ஆனால் முகம் தட்டையாக இருக்கும். தலையணைக்குக் கண் எழுதியது போலத் தோன்றும்.

மூன்றாவது, வடிவம் கொடுக்கும் முறை. தலையைப் பல துண்டுகளாக வெட்டி இணைத்தோ, ஆங்காங்கே பிடிப்புத் தையல் போட்டோ, அச்சில் அழுத்தியோ, கன்னமும் மூக்கும் முகவாயும் எழும்படி செய்வர். இதற்குத்தான் புதிய வெட்டுத்தாளும் புதிய துணியும் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டன. உலகில் துணிப்பொம்மைக்குப் பெயர் தேடித் தந்த பெண்மணிகளின் வரலாறு இங்கே தொடங்குகிறது.

நான்கு பெண்மணிகள்

அமெரிக்க நாட்டின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், சென்ட்ரல் ஃபால்ஸ் என்னும் ஊரில் இசானா வாக்கர் என்னும் பெண்மணி வாழ்ந்தார். அக்காலத்தில் செல்வர் வீட்டுக் குழந்தைகள் பீங்கான் தலையுடைய பொம்மைகளை வைத்திருந்தனர். அவை கீழே விழுந்தால் உடையும். வாக்கர் அம்மையார் துணியைப் பசையில் தோய்த்து அச்சில் அழுத்தி முகமாக்கினார்; அதன்மேல் மெல்லிய பஞ்சும் பின்னல் துணியும் போர்த்தி மீண்டும் அழுத்தி, எண்ணெய் வண்ணம் தீட்டினார். பொம்மை விழுந்தாலும் உடையாது. முகமும் தட்டையாக இராது. 1873ஆம் ஆண்டில் இச்செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

அவர் செய்த பொம்மையொன்றைச் சிறுவயதில் வைத்து விளையாடியவர் அண்டை ஊரான பாடக்கெட்டைச் சேர்ந்த மார்த்தா சேஸ் என்பவர். அவர் 1889ஆம் ஆண்டளவில் தம் குழந்தைகளுக்கெனப் பொம்மை செய்யத் தொடங்கினார். முகவடிவின்மேல் பின்னல் துணியை இழுத்துப் போர்த்தினார். நெய்த துணி இழுத்தால் சுருக்கம் விழும். பின்னல் துணி மூக்கின்மேலும் கன்னத்தின்மேலும் தோலைப் போலப் படியும். பின்பு அதன்மேல் வண்ணம் பூசி, நீரால் துடைக்கத் தக்கதாக்கினார். 1911ஆம் ஆண்டில் இத்தொழில் புதியதொரு பணியை மேற்கொண்டது. மருத்துவமனைகளில் செவிலியர் பயிற்சி பெறுவதற்காக ஆளளவில் ஒரு பொம்மை செய்யப்பட்டது. குழந்தை விளையாட்டுக்குப் பிறந்த கைத்திறன் நோயாளியைத் தூக்கவும் கிடத்தவும் கற்பிக்கும் கருவியாயிற்று.

ஜெர்மனியில் கீங்கன் என்னும் ஊரில் மார்கரெட்டே ஸ்டைஃப் இருந்தார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் அவரால் நடக்க இயலாது, வலக்கையும் வலுவிழந்தது. ஆயினும் தையற்கலையைக் கற்றார். 1880ஆம் ஆண்டில், ஒரு மகளிர் இதழில் வந்த மாதிரியைப் பின்பற்றிக் குண்டூசி குத்தி வைப்பதற்கு ஒரு யானையைத் தைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஃபெல்ட் என வழங்கும் அழுத்திய கம்பளித் துணி. நெய்யப்படாத துணியாகையால் அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. வெட்டிய ஓரத்தில் நூல் பிரிவதும் இல்லை. பெரியவர்கள் ஊசி குத்த வாங்கிய யானையைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டு விளையாடினர். குழந்தைகளின் தீர்ப்பை அம்மையார் ஏற்றார். பொம்மைத் தொழில் தொடங்கிற்று. 1902ஆம் ஆண்டில் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் ரிச்சர்டு, அங்கோரா ஆட்டு மயிரால் நெய்த மோஹேர்த் துணியைக் கொண்டு, கைகால்கள் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு லைப்சிக் சந்தையில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகள் வேண்டுமென்று கேட்டார். இன்று உலகெங்கும் குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் கரடிப்பொம்மையின் முன்னோருள் ஒன்று இக்கரடி.

நான்காமவர் கேத்தே குரூசே. இவரும் ஜெர்மானியர். 1905ஆம் ஆண்டில் இவருடைய சிறுமகள் தனக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று கேட்டாள். கணவர் சிற்பி, கடையில் விற்ற பொம்மைகள் அவருக்குப் பிடிக்கவில்லை, வாங்கித்தர மறுத்தார். தாய் ஒரு துண்டில் மணலை நிரப்பி, நான்கு மூலைகளையும் முடிந்து கைகால்களாக்கி, தலைக்கு ஓர் உருளைக்கிழங்கை வைத்துக் கட்டினார். அப்பொம்மை நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் அதன் கனமும் தளர்ச்சியும் உண்மையான குழந்தையைத் தூக்குவது போன்ற உணர்வை மகளுக்கு அளித்தன. அந்த உணர்வை இழவாமல், மணலையும் கிழங்கையும் மாற்றுவது எப்படி என்பதே அம்மையாரின் ஐந்தாண்டுச் சோதனை. 1910ஆம் ஆண்டில் பெர்லின் நகரக் கடையொன்றில் நிகழ்ந்த கண்காட்சியில் அவர் செய்த துணிப்பொம்மைகள் வைக்கப்பட்டன. அதன்பின் அவை உலகப் புகழ் பெற்றன.

இந்நால்வரும் புதுமை காட்ட வேண்டும் என்று புறப்பட்டவர் அல்லர். உடையாத முகம், துடைக்கத்தக்க தோல், பிரியாத ஓரம், குழந்தையின் கனம் என ஒவ்வொருவர் முன்னும் ஒரு தேவை நின்றது. அத்தேவையைத் துணியிடம் கேட்டனர். துணி மறுத்தபோது வேறு துணியைத் தேடினர்.

நம் நாட்டில்

கன்னட நாட்டில் வாழும் நமக்குப் பொம்மை அயலான பொருளன்று. நாம் கொலு என்பதை இவர்கள் கொம்பெ ஹப்பம் என்பர். பொம்மைத் திருவிழா என்பது பொருள். நம் மரப்பாச்சி இணையை ஒத்த பட்டத கொம்பெ என்னும் ஆண்-பெண் இணையை மணமகளுக்குப் பிறந்த வீட்டார் அளிப்பர். மைசூர்ச் சாலையிலுள்ள சென்னப்பட்டணத்தில் அரக்கு வண்ணம் ஏற்றிக் கடையும் மரப்பொம்மைக்கு உரிய மரம் ஹாலெ. அது நம் நாட்டு வெட்பாலையே. பால் என்பது கன்னடத்தில் ஹாலு என ஆவதை அறிந்தவர்க்குப் பாலை ஹாலெ ஆனதில் வியப்பிராது. ஒரே மரம் எல்லை கடந்து வேறொரு பெயருடன் நிற்பதைக் காணும்போது, புலம்பெயர்ந்த நமக்கு ஓர் ஆறுதல் பிறக்கிறது.

டில்லியில் வாழும் தமிழர்க்கு அருகிலேயே ஒரு பெருஞ்செல்வம் உண்டு. கேரளத்துக் காயங்குளத்தில் பிறந்து, கேலிச்சித்திரக் கலையில் புகழ் பெற்ற சங்கர், ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையால் ஈர்க்கப்பட்டு, நாடு நாடாகப் பொம்மைகளைச் சேர்த்தார். 1965ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அப்பொம்மைக் காட்சிசாலையைத் திறந்து வைத்தார். அதனுடன் ஒரு தொழிற்கூடமும் அமைந்தது. இந்தியாவின் பல மாநிலத்து மக்களின் உடையையும் அணியையும் ஆராய்ந்து, அவற்றைச் சிற்றுருவாக அங்கே செய்தனர். அவ்வாறு செய்த பொம்மைகள் 1980ஆம் ஆண்டில் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரப் போட்டியில் முதற்பரிசாகிய பொன்மயில் இறகைப் பெற்றன. சேலையின் கரை முழு அளவில் நான்கு விரல் அகலமெனில், பொம்மைக்கு அது ஒரு நூலளவாகச் சுருங்க வேண்டும், மடிப்பும் அவ்வாறே. பெரிய துணி சிறிய உடலில் மடங்க மறுக்கும். ஆகவே உடைப் பொம்மை செய்வோர்க்கு மெல்லிய துணியைத் தேர்வதே முதற்பாடம்.

இரண்டு பேரிடர், இரண்டு பாவை

இனி, நம் காலத்தில், நம் கரையிலேயே பிறந்த இரண்டு பொம்மைகளைப் பற்றிக் கூற வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். புதுச்சேரியை அடுத்த கடற்கரைச் சிற்றூர்களில் வலையும் படகும் போயின. மீன் விற்றுப் பிழைத்த மகளிர்க்குச் செய்வதற்கு ஒரு தொழிலும் இல்லை. கடலைப் பார்க்கவும் அஞ்சினர். ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திவந்த உபாசனா என்னும் ஆடை வடிவமைப்புக் கூடம், அம்மகளிரை அழைத்து அமரச் செய்து, கைக்கு ஒரு வேலை தந்தது. ஆடை தைத்து எஞ்சிய துண்டுகளே மூலப்பொருள். விரல் நீளங்கூட இல்லாத ஒரு சிறு பொம்மை 2005ஆம் ஆண்டில் அவர்கள் கையில் உருவாயிற்று. அதற்குச் சுனாமிகா என்று பெயர் வைத்தனர்.

இப்பொம்மைக்கு விலை வைக்கவில்லை என்பது கருதத்தக்கது. அதைப் பரிசாக அளித்தனர். பெற்றவர் விரும்பிக் கொடுத்த தொகையால் செய்த மகளிர்க்கு ஊதியம் தந்தனர். பல இலட்சம் சுனாமிகாக்கள் நாடு கடந்து சென்றுள்ளன. பெரிய வடிவம் ஒன்றை இவர்கள் தேர்ந்திருந்தால் பெரிய துணி வேண்டும். தேர்ந்த தையலும் வேண்டும். மீன்கூடை சுமந்து பழகிய கை முதல் நாளிலேயே செய்யத் தக்கதாக வடிவம் சிறியதாயிற்று. உள்ளங்கைத் துண்டிலும் அடங்குவதாயிற்று. செய்பவர் நிலையை எண்ணி வடிவத்தை அமைத்ததே இதன் சிறப்பு.

இரண்டாவது பொம்மை கேரளத்தது. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெள்ளம் வந்தபோது, ஓணம் விற்பனைக்கென நெய்து அடுக்கிய சேலைகளும் வேட்டிகளும் சேற்றில் மூழ்கின. தறிகளும் கெட்டன. சேறு படிந்த வெண்பருத்தித் துணியை யார் வாங்குவர்? எரித்துவிடலாம் என்னும் நிலையும் வந்தது. அப்போது இலட்சுமி மேனன், கோபிநாத் பாறையில் என்னும் இருவர், அத்துணியை வாங்கிக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக வெட்டிப் பொம்மை கட்டலாம் என்று காட்டினர். அதற்குச் சேக்குட்டி என்று பெயர். சேற்றை வென்று பிழைத்த குழந்தை என்று அதற்கு விளக்கம் கூறுவர்.

கணக்கையும் காண்போம். ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் வரை கிடைக்கும். அப்போது ஒன்றின் விலை 25 ரூபாயாக இருந்தது. எனவே ஒரு சேலை 9,000 ரூபாய் வரை ஈட்டிற்று. நல்ல நிலையில் விற்றிருந்தால் அச்சேலை இரண்டாயிரம் ரூபாயைத் தொட்டிராது. தொண்டர்கள் பலர் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் அமர்ந்து இப்பொம்மைகளைக் கட்டினர். வருவாய் நெசவாளர்க்குச் சென்றது.

சேக்குட்டியைச் செய்யும் முறை எது தெரியுமா? துண்டைச் சுருட்டி நூலால் கட்டும் முறைதான். நம் பாட்டிமார் அறிந்த அதே கட்டுப்பொம்மை. துவைத்தும் போகாத கறை சில பொம்மைகளில் இருந்தது. அதை மறைக்க எவரும் முயலவில்லை. வடிவம் பழையது; பொருள் மட்டும் புதியது. கறைபட்ட துணியைப் பயன்படுத்தலாம் என்னும் துணிவே இங்கே புதுமை.

ஹெப்பகோடியில் நாம் செய்த சோதனை

இவற்றையெல்லாம் அறிந்த பின்பு, ஆலைத் துண்டுகள் நிறைந்த நம் பையை மீண்டும் திறந்தோம். துண்டுகளுள் பெரும்பாலானவை பனியன் துணி. பாட்டியின் முறைப்படி கட்டிப் பார்த்தோம். பனியன் துணி கட்டிய நூலுக்குள்ளிருந்து மெல்ல வழுவிற்று. பின்னர் வெட்டுத்தாள் வரைந்து தைத்தோம். பஞ்சை அடைக்க அடைக்கத் தலை பூசணிக்காய் போலப் பருத்தது. கழுத்து அதைத் தாங்காது மடிந்தது. சிறுமி சிரித்தாள். நமக்கோ வெட்கமாயிருந்தது.

குறை துணியில் இல்லை. நம் வெட்டுத்தாளில் இருந்தது. நெய்த துணி பாவின் வழியே நீளாது. பனியன் துணியோ ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீளும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் பத்து அங்குலம் அளந்து, இழுத்து, எவ்வளவு நீள்கிறது என்று குறித்தோம். நம்மிடம் இருந்த ஒரு வகை பதின்மூன்று அங்குலம் வரை நீண்டது. மிகுதியாக நீளும் பக்கம் பொம்மையின் அகலத்தில் வருமாறு வெட்டினோம்; வெட்டுத்தாளின் அகலத்தையும் குறைத்தோம். கழுத்தின் உள்ளே பழைய வேட்டித் துணியை ஒரு மடிப்பு வைத்துத் தைத்தோம். பஞ்சைச் சிட்டிகை சிட்டிகையாகக் கழுத்தில் முதலில் இறுக அடைத்தோம். மூன்றாவது பொம்மை தலை நிமிர்ந்து நின்றது.

பஞ்சிலும் சோதனை செய்தோம். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து வரும் இலவம்பஞ்சு மிக மென்மையானது, இலேசானது. ஆயினும் துவைத்தால் கட்டியாகத் திரளும். விதை நீக்காவிடில் எலியும் பூச்சியும் நாடும். பாலியெஸ்டர்ப் பஞ்சு துவைத்தாலும் பழைய வடிவம் கொள்ளும். ஆனால் நெருப்பருகே உருகும், மண்ணில் மட்காது. பனியன் துண்டுகளையே பொடியாக வெட்டி அடைத்தால் செலவில்லை; கனம் மிகும். அந்தக் கனமே சிறுமிக்குப் பிடித்தது. கேத்தே குரூசே அம்மையாரின் மணல் மூட்டையை அப்போது நினைத்துக்கொண்டோம்.

ஜீன்ஸ் துணி தடித்தது. சிறு வளைவில் புரட்ட வராது. ஆனால் செருப்புக்கும் பைக்கும் ஏற்றது. பட்டுத்துண்டு வழுக்கும், ஓரம் பிரியும். அதன் பின்னே மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைத்த பின்பே வெட்டுதல் நலம். பாவாடைக்கு எவ்வாறு கொசுவம் வைப்பது என்று தெரியாமல் நாம் விழித்தபோது, பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி வந்து, ஒரு நூலை ஓட்டி இழுத்துச் சுருக்கிக் காட்டினார். "எங்க அம்மா பட்டெ கொம்பெக்கு இப்படித்தான் செய்வாங்க" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கூறினார். நம் பாட்டி மறைந்ததோடு போய்விட்டது என்று எண்ணிய ஒரு கைவேலை, சுவருக்கு அப்பால் வேறொரு மொழியில் உயிரோடு இருந்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் பொத்தானோ மணியோ கண்ணாக வைத்தல் ஆகாது, பிய்த்து விழுங்கிவிடும். கண்ணை நூலாலேயே பின்னுதல் வேண்டும். சாயத்துணியை நனைத்து வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். சாயம் இறங்கினால் விலக்குதல் வேண்டும். விற்பனைக்குச் செய்வோர் மற்றொன்றும் அறிய வேண்டும். 2020ஆம் ஆண்டில் அரசு பிறப்பித்த ஆணை, 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து விளையாட்டுப் பொருள்களுக்குத் தர முத்திரையைக் கட்டாயமாக்கிற்று. கைவினைத்துறை ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே குடிசைத்தொழிலாகத் தொடங்க எண்ணும் சகோதரிகள் முதலில் அப்பதிவைச் செய்துகொள்வது நலம்.

எழுதி வைப்போம்

துணிப்பொம்மையின் வரலாற்றை நோக்கின் ஓர் உண்மை விளங்குகிறது. மரபு எது, புதுமை எது என்று இதில் எல்லை கட்ட இயலாது. நாம் மரபு என்று போற்றும் பாட்டியின் பொம்மையும், அவர் காலத்தில் கையில் கிடைத்த துணியைக் கொண்டு செய்த சோதனையே. வேட்டிக் கந்தல் கிடைத்த வீட்டில் வேட்டிக் கந்தல். ஆலைத் துண்டு கிடைக்கும் வீட்டில் ஆலைத் துண்டு. ஊரை விட்டு வந்தவர் ஊர்த்துணி இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை.

வருந்த வேண்டுவது வேறொன்று. இசானா வாக்கர் செய்முறையை எழுதிப் பதிவு செய்தார். 1873இல் அவர் எழுதியதை இன்றும் படிக்கலாம். நம் பாட்டிமாரின் செய்முறையை எவரும் எழுதவில்லை. அதை எழுதத்தக்க அறிவு என்று எவரும் மதிக்கவுமில்லை. கட்டின் இறுக்கம் எவ்வளவு, கந்தலின் அளவு எவ்வளவு என்பதெல்லாம் விரலில் இருந்தன, விரலோடு மறைந்தன. பம்பாயிலோ கல்கத்தாவிலோ டில்லியிலோ வாழும் நம்மவர்க்கு ஊரிலுள்ள பெரியவர்களைக் காண்பது ஆண்டுக்கொரு முறையே. அந்த ஒரு முறையும் எத்தனை ஆண்டு வாய்க்கும்?

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ, பொம்மை செய்யத் தெரிந்தவர் எவரேனும் இருந்தால், அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் அமருங்கள். அவர் கைபோகும் வழியைப் பாருங்கள். வெட்டுத்தாள் இருந்தால் படி எடுங்கள். இல்லையேல் அளவை எழுதிக்கொள்ளுங்கள். அவர் பெயர், ஊர், ஆண்டு, எடுத்த துணி ஆகியவற்றைத் தாளின் ஓரத்தில் குறியுங்கள். பின்பு உங்கள் ஊரில் கிடைக்கும் துணியில் அதைச் செய்து பார்த்து, எங்கே மாற்ற நேர்ந்தது என்பதையும் அதனடியில் எழுதுங்கள்.

நம் வீட்டில் மூன்றாவது பொம்மையின் வெட்டுத்தாளை ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் ஒட்டி வைத்திருக்கின்றோம். பனியன் துணி நீண்ட அளவும், கழுத்துக்கு வைத்த வேட்டித் துண்டும், அஜ்ஜி காட்டிய கொசுவமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஹெப்பகோடி என்று ஊர்ப்பெயரும் எழுதியிருக்கின்றோம். பாட்டி கட்டியவாறே கட்டும் முறைக்கு மட்டும் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்துள்ளோம். அடுத்த பொங்கலுக்கு ஊர் செல்லும்போது, பாட்டியின் தங்கையைக் கண்டு கேட்டு, அதையும் நிரப்ப எண்ணியுள்ளோம்.